கோட்டைக்குள் ஓர் ஆலயம்: வேலூர் தூய யோவான் ஆலய வரலாற்றை வாசிக்கும் முறை

வேலூர்க் கோட்டையின் அகழியைக் கடந்து உள்ளே செல்வோரில் பெரும்பாலோர் ஜலகண்டேசுவரர் கோயிலை நாடிச் செல்கின்றனர். சிலர் அருங்காட்சியகத்தைக் கண்டு திரும்புகின்றனர். அதே கோட்டைக்குள் ஆடம்பரமற்ற ஓர் ஆலயமும் நிற்கின்றது. 1846ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் தன் படைவீரருக்கெனக் கட்டிய தூய யோவான் ஆலயம் அது. இன்றைய வேலூர்ப் பேராயத்தின் எல்லைக்குள் நிற்கும் ஆலயங்களுள் மிகப் பழமையானதாகக் கருதப்படும் இதனைப் பற்றி நம் ஊழியர் பலரும் அறிந்திருப்பது அந்த ஆண்டு எண் ஒன்றே எனலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் இறையியல் மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். முதலில் கோட்டைக்கு வெளியேயுள்ள பழைய ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தோம். 1806ஆம் ஆண்டுக் கலகத்தில் மாண்ட 69ஆம் படைப்பிரிவினரின் நினைவுச் சின்னம் அங்கு உள்ளது. பின்னர் ஆலயத்தின் முன் வந்து நின்றோம். தோல் பதனிடும் ஊர் ஒன்றிலிருந்து வந்திருந்த மாணவர் ஒருவர், “ஐயா, சிப்பாய்களின் கல்லறை எங்கே?” என்று கேட்டார். பெயர் பொறித்த கல் எதுவும் அவர்களுக்கு இல்லை. பிற்காலத்தில் எழுப்பப்பட்ட நினைவுத்தூண் ஒன்று ஊருக்குள் உண்டு என்று விடை கூறினேன். அவர் மேலும் கேட்டார்: “அப்படியானால் இந்த ஆலயத்தின் ஆண்டுவிழாவில் நாம் எதைக் கூறி நன்றி செலுத்துவது?”

அவ்வினாவிற்கு ஒரு வரியில் விடை கூற இயலாது. ஆலய வரலாறு எழுதும் வழக்கமோ நம்மிடையே பெரிதும் ஒரே அச்சில் வார்த்ததாயுள்ளது. அடிக்கல் நாட்டிய நாள், பிரதிஷ்டை செய்த அத்தியட்சர், பணிபுரிந்த குருவானவர்களின் பட்டியல், மணி வந்த கதை, புதுப்பித்த ஆண்டு என்பனவற்றோடு வரலாறு முடிந்துவிடும். பட்டியல் வேண்டாம் என்பதன்று. ஆனால் இவ்வாலயத்தைப் பொறுத்தவரையில், அதைக் கட்டியவர் யார், யாருக்காகக் கட்டினர், எந்த நிலத்தில், யாருடைய பணத்தில் என்னும் வினாக்களுக்கு விடை கூறாமல் பட்டியலைத் தொடங்குவது முறையாகாது.

பாரிஷ் என்னும் சொல்

முதலில் ஒரு சொற்குழப்பத்தை நீக்க வேண்டும். ஆங்கிலிக்கன் ஆலயம் எனக் கேட்டவுடன் இங்கிலாந்தின் ‘பாரிஷ்’ அமைப்பை எண்ணிக்கொள்வது இயல்பு. அங்கே பாரிஷ் என்பது ஒரு நிலப்பரப்பு. அதன் எல்லைக்குள் வாழும் ஒவ்வொருவரும், ஆலயத்திற்கு வந்தாலும் வராவிட்டாலும், அக்குருவானவரின் பொறுப்பில் உள்ளவர். ஏழையை அடக்கம் செய்வதும் அவர் கடமையே. நம் நாட்டில் கம்பெனியார் அமைத்த ஆலயங்களுக்கு அத்தகைய எல்லை எதுவும் இருந்ததில்லை. சாப்ளின் எனப்பட்ட படைக்குருவின் பொறுப்பு நிலத்தின்மேல் அன்று, ஆட்கள்மேல் அமைந்தது. கம்பெனியின் ஊழியர், படைவீரர், அவர்தம் குடும்பத்தார் ஆகியோரே அவர் சபையார். அகழிக்கு அப்பால் வாழ்ந்த தமிழர் அவருடைய பாரிஷில் அடங்கார். நாம் இன்று ‘சேகரம்’ என்றும் ‘பாஸ்டரேட்’ என்றும் வழங்குவது வேறொரு மரபிலிருந்து, அதாவது மிஷன் பணியின் வழியாக, நமக்கு வந்ததாகும்.

ஆயினும் தொடக்கத்தில் வேறொரு நோக்கமும் ஏட்டளவில் இருந்தது. 1698ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசர் வழங்கிய கம்பெனிச் சாசனம், கோட்டைகளிலும் பண்டகசாலைகளிலும் குருமாரை அமர்த்த வேண்டும் எனக் கட்டளையிட்டது. அக்குருமார் போர்த்துக்கேய மொழியையும், தாம் வாழும் நாட்டின் மொழியையும் கற்று, கம்பெனியின் பணியாட்களாகவும் அடிமைகளாகவும் இருந்த உள்நாட்டாருக்குப் புரொட்டஸ்டண்டு சமயத்தைப் போதிக்க வேண்டும் எனவும் அதில் விதிக்கப்பட்டிருந்தது. அடிமைகள் என்ற சொல்லைச் சற்றும் தயங்காமல் எழுதிய அந்த ஆவணம், உள்நாட்டு மொழியைக் கற்கவேண்டும் என்றும் விதித்தது விந்தையே. சாப்ளின்மாருள் அவ்விதியை நிறைவேற்றியோர் மிகச் சிலர். சென்னைத் தூய ஜார்ஜ் கோட்டையில் 1680ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்யப்பட்ட தூய மரியாள் ஆலயமே கம்பெனியாரின் ஆலயங்களுக்கு முன்மாதிரி. பீரங்கிக் குண்டைத் தாங்கும் பொருட்டு அதன் கூரை தடித்த வளைவாகக் கட்டப்பட்டது. ஆலயமும் அரணும் ஒன்றே என்னும் எண்ணம் அக்கட்டடத்திலேயே புலனாகிறது.

இதே காலத்தில் தமிழ்ச் சபைகள் வேறு வழியில் உருவாயின. 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய பணி, 1726க்குப் பின் சென்னைக்கும் பரவியது. அங்கே ஆங்கிலேயரின் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் பணத்தைக் கொடுத்தது. ஜெர்மானிய லுத்தரன் ஊழியர் உழைப்பைக் கொடுத்தனர். அத்தியட்சரால் அபிஷேகம் பெறாத லுத்தரன் குருமாரை ஆங்கிலிக்கன் சங்கம் ஒன்று ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ஊதியம் கொடுத்துப் பணியில் வைத்திருந்தது என்பதைத் திருச்சபை ஐக்கியத்தைப் பற்றிப் பேசும்போது நாம் போதுமான அளவு நினைவுகூர்வதில்லை. தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்த பெப்ரிசியுஸ் அவ்வாறு ஊதியம் பெற்றவரே. அவருக்குப் பின் வேப்பேரியில் பொறுப்பேற்ற கெரிக்கே ஐயர் தென் மாவட்டங்களில் நெடும் பயணம் செய்து பலருக்குத் திருமுழுக்கு அளித்தவர். அவர் 1803ஆம் ஆண்டில் வேலூரில் இறந்தார். ஆகவே கோட்டைக்குள் ஆலயம் எழுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகவே இவ்வூர் தமிழ் மிஷன் வரலாற்றில் இடம்பெற்றிருந்தது.

1806

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவருடைய குடும்பத்தார் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். 1805 நவம்பரில் சென்னைப் படைக்குப் புதிய உடைவிதிகள் வகுக்கப்பட்டன. சிப்பாய்கள் நெற்றியில் சமயக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடையை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவாகக் கத்தரிக்க வேண்டும், பழைய தலைப்பாகைக்குப் பதிலாகத் தோலாலான குஞ்சம் பதித்த புதியதொரு தலையணியை அணிய வேண்டும் என்பன அவை. 1806 மே மாதத்தில் வேலூரில் இருந்த ஒரு படைப்பகுதியினர் அதை அணிய மறுத்தனர். இந்து ஒருவருக்கும் முகமதியர் ஒருவருக்கும் ஆளுக்குத் தொள்ளாயிரம் கசையடி விதிக்கப்பட்டது. ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் கலகம் வெடித்தது. கோட்டைத் தளபதி கர்னல் ஃபான்கோர்ட் உள்ளிட்ட அதிகாரிகளும், 69ஆம் படைப்பிரிவினர் நூற்றுக்கும் மேற்பட்டோரும் கொல்லப்பட்டனர். இறந்த வீரருள் மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்தோரும் அடங்குவர். மைசூர்க் கொடி ஏற்றப்பட்டது. செய்தி அறிந்த கர்னல் கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்து சில மணி நேரத்தில் கோட்டையை மீட்டார். அதன்பின் நடந்தது பழிவாங்கல். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்கள் வெளியே இழுக்கப்பட்டுச் சுவரருகே நிறுத்திச் சுடப்பட்டனர். அன்று மாண்ட சிப்பாய்கள் முந்நூறு பேருக்கு மேல் என்பது பொதுவான கணக்கு.

இந்நிகழ்ச்சி நம் திருச்சபை வரலாற்றோடு இரு வகையில் தொடர்புடையது. ஒன்று யாவரும் அறிந்தது. கலகத்திற்கு மிஷனெரிமாரே காரணம் என்னும் குற்றச்சாட்டு இங்கிலாந்தில் எழுந்தது. 1807இல் தாமஸ் ட்வைனிங் என்பவர் கம்பெனித் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி அச்சிட்டார். இந்தியரின் சமயத்தில் தலையிட்டால் ஆட்சியே போய்விடும் என்பது அதன் சாரம். கல்கத்தாவில் சாப்ளினாயிருந்த கிளாடியஸ் புக்கானன் 1805இல் இந்தியாவிற்கு அத்தியட்சர்களும் குருமாரும் அடங்கிய முழுமையான திருச்சபை அமைப்பு வேண்டும் என நூல் வெளியிட்டிருந்தமையும் எதிர்ப்பாளருக்கு வாய்ப்பாயிற்று. மிஷனெரிமாரை ஏளனம் செய்து 1808இல் எழுதியவர் சிட்னி ஸ்மித். அவரே ஆங்கிலிக்கன் குருவானவர் என்பது கருதத்தக்கது. மறுமொழி எழுதியவருள் குறிப்பிடத்தக்கவர் பாப்டிஸ்ட் சங்கத்தின் ஆண்ட்ரூ ஃபுல்லர். விசாரணைக் குழுவினரோ உடைவிதிகளையும் திப்புவின் குடும்பத்தார் அங்கு இருந்ததையுமே முதன்மைக் காரணங்களாகக் கூறினர். சென்னை ஆளுநர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர்.

மிஷனெரிமார் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று என்று கூறி நாம் அமைந்துவிடலாகாது. எந்த மிஷனெரியும் சிப்பாய்களிடம் செல்லவில்லை என்பது உண்மை. தங்களைக் கிறிஸ்தவராக்கப் போகிறார்கள் எனச் சிப்பாய்கள் அஞ்சினார்கள் என்பதும் உண்மை. அந்த அச்சத்தைத் தோற்றுவித்தது பிரசங்கம் அன்று. தொப்பியை ஒத்த ஒரு தலையணி. கிறிஸ்தவம் என்பது ஆள்வோரின் உடை என்று மக்கள் உணர்ந்திருந்தனர். இவ்வுணர்வுக்கு மறுப்பு எழுதுவது எளிதன்று. ஏனெனில் கோட்டைக்குள் அவர்கள் கண்ட கிறிஸ்தவம் அவ்வாறே இருந்தது.

மற்றொரு தொடர்பு தோலைப் பற்றியது. நான் வாசித்த கலக வரலாறுகளில் இதைக் கருதியோர் குறைவு. தலையில் தோல் படுவது தீட்டு என்பதே சிப்பாயின் முறையீடுகளுள் ஒன்று. பசுத்தோல் எனில் இந்துவுக்கும், பன்றித்தோல் எனில் முகமதியருக்கும் அது தாங்கொணாதது. அவர்தம் மனச்சான்றை மிதித்த அதிகாரத்தின் கொடுமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனப் பாலாற்றை ஒட்டிப் பரவியுள்ள தோல் தொழிற்பகுதியில் நாம் மேய்க்கும் மந்தையில் எத்தனை பேர் தலைமுறை தலைமுறையாகத் தோலைக் கையால் தொட்டு வாழ்ந்தவர்! எதைத் தலையில் வைப்பதைவிட இறப்பதே மேல் என ஒருவர் எண்ணினாரோ, அதையே தம் அன்றாட உணவுக்காகச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்துச் சுரண்டியவர் மற்றொருவர். விடுதலைப் போரின் முன்னோடியாக அந்நாளை நாடு போற்றுகிறது. 2006இல் அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது. அதில் நாமும் மகிழலாம். ஆனால் தீட்டு என்னும் கருத்தைப் பற்றி நம் சபையில் உள்ள தோல் தொழிலாளியிடம் பேசாமல் அந்நாளைப் பற்றிப் பிரசங்கம் செய்வது அரைகுறையானதே.

படைவீரரின் ஆலயம்

மேற்கூறிய விவாதத்தின் முடிவாக 1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் மிஷனெரிமாருக்குக் கதவைத் திறந்தது. கல்கத்தாவிற்கு ஓர் அத்தியட்சரையும், மூன்று மாகாணங்களுக்கும் தலைமை உதவிக்குருக்களையும் ஏற்படுத்தியது. 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னைக்கும் அத்தியட்சர் நியமிக்கப்பட்டு, 1835இல் டேனியல் கொரி முதல் சென்னை அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். அத்தியட்சரின் ஊதியமும் சாப்ளின்மாரின் ஊதியமும் இந்திய வருவாயிலிருந்தே கொடுக்கப்பட்டன. உழவன் செலுத்திய நிலவரியில் ஒரு சிறு பகுதி இவ்வழியில் சென்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதே ஆண்டுகளில், கம்பெனி அரசு இந்துத் திருவிழாக்களுக்கு மரியாதை செய்வதும் கோயில்களை நிர்வகிப்பதும் தகாது எனக் கிறிஸ்தவ அதிகாரிகள் கிளர்ச்சி செய்தனர். சென்னைப் படைத்தலைவர் மெயிட்லண்டு இதன்பொருட்டே 1838இல் பதவி துறந்தார். கோயிலோடு அரசுக்குத் தொடர்பு கூடாது என்ற அவர்களுள் ஆலயத்தோடு அரசுக்குத் தொடர்பு கூடாது என்றவர் அரிது.

1846இல் வேலூரில் ஆலயம் எழுந்தபோது சென்னை அத்தியட்சராயிருந்தவர் ஜார்ஜ் ட்ரெவர் ஸ்பென்சர். கலகம் நடந்து சரியாக நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் அருகே நின்ற ஜலகண்டேசுவரர் கோயிலில் அப்போது வழிபாடு இல்லை. விஜயநகரக் காலச் சிற்பத் திறனின் உச்சங்களுள் ஒன்றான அக்கோயிலின் மண்டபம் படைக்கலக் கிடங்காகப் பயன்பட்டது. கோட்டைக்குள் ஒரு பள்ளிவாசலும் இருந்தது. ஆக, மூன்று சமயத்தாரின் வழிபாட்டிடங்கள் அருகருகே நின்ற கோட்டையில், ஆள்வோரின் இடத்தில் மட்டுமே மணி ஒலித்தது. இதைப் படிக்கும் மாணவர் வெட்கப்பட வேண்டும் என்பதற்காக நான் இதைக் கூறவில்லை. 1846 என்னும் எண்ணைக் கல்லில் பொறிக்கும்போது அதன் அக்கம்பக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே கூறுகிறேன்.

அங்கே நடந்த ஆராதனை எத்தகையது? ஞாயிறு தோறும் ‘சர்ச் பரேட்’ நடைபெறும். அது படை ஒழுங்கின் ஒரு பகுதி. விருப்பம் கேட்கப்படுவதில்லை. வீரர் தத்தம் சபைப் பிரிவின்படி அணிவகுத்து, ஆங்கிலிக்கன்மார் ஓரிடத்திற்கும், ரோமன் கத்தோலிக்கரும் பிரஸ்பிட்டேரியன்மாரும் வேறிடங்களுக்கும் நடத்திச் செல்லப்படுவர். பொது ஜெப நூலின்படி காலை ஜெபமும் லித்தானியாவும் வாசிக்கப்படும். சாப்ளின் இல்லாத நிலையங்களில் படை அதிகாரி ஒருவரே ஜெபங்களை வாசிப்பதும் உண்டு. 1857இல் மீரட்டில் கலகம் ஞாயிறு மாலை தொடங்கியதை நினைவில் கொண்டு, அதன்பின் படைவீரர் துப்பாக்கியுடனேயே ஆலயத்திற்குச் சென்றனர். வட இந்தியப் படை ஆலயங்கள் சிலவற்றில் இருக்கைகளில் துப்பாக்கியைச் சாய்த்து வைக்கும் பள்ளங்களை இன்றும் காணலாம். கட்டாயத்தின்பேரில் வந்து அமர்ந்திருந்த அவ்வீரரும் பெரும்பாலும் வறுமையால் படையில் சேர்ந்த இளைஞரே. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் இறந்து இந்நிலத்தில் புதைந்தோர் மிகப் பலர். அவர் பொருட்டு வாசிக்கப்பட்ட அடக்க ஜெபம் ஆண்டவரின் செவியில் ஏறவில்லை என நான் கருதவில்லை. பேரரசின் ஆலயம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவோர் இவர்களையும் சற்று எண்ண வேண்டும்.

தோல் பதனிடுபவன் வீட்டில்

1853இல் கோட்டைக்கு வெளியே வேறொரு வரலாறு தொடங்கியது. இலங்கையிலும் பின்னர் சென்னையிலும் பணிபுரிந்த மருத்துவ மிஷனெரி ஜான் ஸ்கடரின் புதல்வர் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகிய மூவரும் அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் ஆற்காட்டு மிஷனை அமைத்தனர். தமிழில் ஊர் ஊராகப் பிரசங்கிப்பதே அவர்தம் முதற் கொள்கை. சிற்றூர்களின் சேரிகளிலிருந்து மக்கள் கூட்டமாகச் சேர்ந்தனர். அக்குடும்பத்தில் தோன்றிய ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணியும், 1918இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் யாவரும் அறிந்தவை. மேற்கே ஆம்பூர்ப் பகுதியில் மிசூரி லுத்தரன் மிஷன் பணிபுரிந்தது. அதன் வழிவந்த இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் கன்கார்டியா பள்ளியும் பெதஸ்தா மருத்துவமனையும் ஆம்பூரில் உள்ளன. இவ்வாறு, ஒரு நாள் பயணத் தொலைவுக்குள் ஆங்கிலிக்கன், சீர்திருத்தம், லுத்தரன் என்னும் மூன்று மரபுகளும் நிலைபெற்றன. ஆங்கிலிக்கன் மரபு ஒன்றே கோட்டைச் சுவருக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தது.

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இருப்புப்பாதை வந்தபின் இப்பகுதியின் தோல், சென்னைத் துறைமுகத்தை எளிதில் அடைந்தது. ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட தோல் கடல் கடந்தது. ஆலைகள் பெரும்பாலும் முகமதிய வணிகருடையவை. உழைப்போருள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள், அவருள் நம் சபையாரும் உளர்.

இங்கே அப்போஸ்தலர் நடபடிகள் பத்தாம் அதிகாரத்தை நினையாதிருக்க என்னால் இயலவில்லை. கொர்நேலியு யார்? செசரியா என்னும் ரோமப் படை நிலையத்தில் இருந்த நூற்றுக்கு அதிபதி. ஆள்வோரின் கோட்டையைச் சேர்ந்தவன். அவனுக்கு நற்செய்தி எங்கிருந்து வந்தது? யோப்பாவில் கடலோரத்தில் இருந்த தோல் பதனிடுபவனாகிய சீமோனின் வீட்டிலிருந்து. தோல் பதனிடுவோரின் தொழிலை யூத மரபு இழிவாகக் கருதியது. துர்நாற்றத்தின் காரணமாக அதனை ஊருக்கு வெளியே வைக்க வேண்டும் என ரபிமார் விதித்தனர். பேதுரு தீட்டைப் பற்றிய தரிசனத்தைக் கண்டது அவ்வீட்டின் மேல்மாடியில். தீட்டுள்ள எதையும் தான் புசித்ததில்லை என அவன் மறுமொழி கூறும்போது, அவன் நின்ற இடமே பலருக்குத் தீட்டான இடம். லூக்கா இதை வேண்டுமென்றே அமைத்தார் என்றே நான் கருதுகிறேன். சீமோனின் தொழிலை அவர் மும்முறை குறிப்பிடுகிறார்.

அக்கதையில் நூற்றுக்கு அதிபதி ஆள் அனுப்பித் தோல் பதனிடுபவன் வீட்டிலிருந்து ஊழியனை வரவழைத்தான். வேலூரில் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அகழிக்கு உள்ளிருந்தோர் அவ்வாறு வெளியே ஆள் அனுப்பியதில்லை. வெளியே ஆற்காட்டு மிஷனின் தமிழ்ச் சபை. உள்ளே ஆங்கிலச் சபை. இரண்டும் ஒரே ஆண்டவரின் பந்தியில் ஒன்றாக அமர்வதற்கு அரசியல் மாற்றமும் திருச்சபை ஐக்கியமும் தேவைப்பட்டன.

கைமாறிய காலம்

அம்மாற்றத்தின் படிகள் சட்டத்தால் ஆனவை. 1927ஆம் ஆண்டு இந்தியத் திருச்சபைச் சட்டத்தின் பயனாக 1930 மார்ச் முதல் நாள் இந்தியா, பர்மா, இலங்கைத் திருச்சபை இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டப் பிணைப்பினின்று விடுபட்டது. ஆயினும் சாப்ளின்மார் ஊதியமும், அரசு பேணிய ஆலயங்களும் அரசின் சமயத் துறையிலேயே தொடர்ந்தன. நாடு விடுதலை பெற்றபின் அத்துறை மூடப்பட்டது. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. அதுவரை ஆங்கிலிக்கன் அத்தியட்சராயிருந்த மைக்கேல் ஹாலிஸ் அதன் சென்னைப் பேராயராகவும் முதல் பிரதமப் பேராயராகவும் விளங்கினார். ஆற்காட்டு மிஷனின் சபைகள், தென்னிந்திய ஐக்கிய சபை வழியாக அதே ஐக்கியத்தில் சேர்ந்தன. 1976இல் சென்னைப் பேராயத்திலிருந்து வேலூர்ப் பேராயம் பிரிக்கப்பட்டபோது, படைவீரரின் ஆலயமும் சேரிச் சபைகளும் ஒரே பேராயரின் கண்காணிப்பில் வந்தன.

எண்ணிக்கையில் மட்டுமன்றி மரபிலும் இப்பேராயம் சீர்திருத்த மரபினதே. மூப்பர் ஆட்சியும் எளிய வழிபாடும் இங்கு வேரூன்றியவை. திருச்சபை ஆண்டு, அத்தியட்சர் பணி, எழுதப்பட்ட வழிபாட்டு முறை என்பன ஆங்கிலிக்கன் பங்கு. 1950இல் தென்னிந்தியத் திருச்சபை வெளியிட்ட திருவிருந்து ஆராதனை முறையில் குருவானவர் சபையாரை நோக்கி நிற்பதும், சமாதான வாழ்த்தைக் கைகளால் ஒருவருக்கொருவர் அளிப்பதும் இடம்பெற்றன. பதவி வரிசைப்படி அமர்ந்து, ஒருவரையொருவர் தொடாமல் கலைந்து சென்ற படைவீரர் சபைக்கெனக் கட்டிய சுவர்களுக்குள், அந்தச் சமாதானம் கை மாறிச் செல்வதைக் காணும்போது, கட்டடத்தின் பொருள் மாறக்கூடும் என்பது விளங்கும்.

கோட்டையின் பிற வழிபாட்டிடங்களைப் பற்றியும் ஒரு சொல். 1981ஆம் ஆண்டு மார்ச்சில் ஜலகண்டேசுவரர் கோயிலில் இலிங்கம் மீண்டும் நிறுவப்பட்டு வழிபாடு தொடங்கிற்று. நம் ஆலயத்திலும் ஆராதனை நடைபெறுகிறது. பள்ளிவாசலில் தொழுகைக்கு அனுமதி இல்லை; அதனைக் கோரி முகமதிய அமைப்புகள் பலமுறை குரல் எழுப்பியுள்ளன. இவ்விவாதத்தில் நம் ஆயர்கள் பேச்சை அளந்தே பேச வேண்டும். ஒரு காலத்தில் நமக்கு மட்டுமே திறந்திருந்த கோட்டை அது என்பதை மறந்து பேசுவது நமக்குத் தகாது.

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958ஆம் ஆண்டுப் பழஞ்சின்னங்கள் சட்டத்தின் 16ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட வழிபாட்டிடம் அதன் தன்மைக்கு மாறாகப் பயன்படுத்தப்படலாகாது என்கிறது. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் தடை செய்யப்பட்டுள்ளது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும். ஆகவே பழைய ஆலயத்தில் ஆர்வமிக்க சபைச் சங்கத்தார் ஓடு பதிக்கவும் முகப்பை மாற்றவும் புறப்படுமுன் சட்டத்தை வாசிப்பது நலம். கோட்டைக்கு வெளியேயுள்ள பழைய ஆலயங்களில் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தியெடுத்து சிமெண்டு பூசும் வழக்கத்தை எத்தனை இடங்களில் கண்டு வருந்தியிருக்கிறேன்! சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சிமெண்டுப் பூச்சு அதை உள்ளேயே அடைத்துவிடும். இரண்டு மழைக்காலத்தில் செங்கல் உதிரத் தொடங்கும்.

பதிவேடுகள்

வரலாறு எழுதப் புகும் மாணவருக்கு இறுதியாகச் சில குறிப்புகள். சாப்ளின்மார் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்து, அவற்றின் படியைச் சென்னைக்கும், அங்கிருந்து லண்டனுக்கும் அனுப்பி வந்தனர். சென்னை மாகாணத்துப் படிகள் 1698 முதல் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்திய அலுவலக ஆவணங்களில் பேணப்படுகின்றன. எனவே உள்ளூர்ப் பதிவேட்டைக் கரையான் அரித்திருந்தாலும் செய்தி அழிந்துவிட்டதாகக் கொள்ளல் வேண்டா. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுத் தொகுப்பும், சாப்ளின் ஃபிராங்க் பென்னி மூன்று தொகுதிகளில் எழுதிய சென்னைத் திருச்சபை வரலாறும் இன்றும் பயனுள்ளவை. இருவரும் தம் கால ஆங்கிலேயரின் கண்கொண்டு எழுதியவர்கள். காட்டனின் தொகுப்பில் தமிழ்க் கிறிஸ்தவரைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். காட்டன் படித்த எழுத்துகள் பல கற்களில் இன்று மங்கியிருக்கக்கூடும். அவருடைய நூலைக் கையில் வைத்துக்கொண்டு கல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு மாணவர் ஒரு கோடை விடுமுறையில் செய்து முடிக்கத்தக்க வேலை.

திருமுழுக்குப் பதிவேட்டில் தந்தையின் தொழிலை எழுதும் கட்டம் ஒன்று உண்டு. கோட்டைப் பதிவுகளில் அக்கட்டத்தில் வருவன படைத்துறைப் பதவிகள். நம் சிற்றூர்ச் சபைகளின் பழைய தமிழ்ப் பதிவேடுகளில் அதே கட்டத்தில் கூலி, தோட்டி, தோல் வேலை எனக் காணப்படும். சில குருமார் அக்கட்டத்தை வெறுமையாகவும் விட்டுள்ளனர். என்னைக் கேள்வி கேட்ட அந்த மாணவர் தம் ஊர்ச் சபையின் பதிவேட்டை எடுத்து, முதல் ஐம்பது ஆண்டுகளுக்கு அந்த ஒரு கட்டத்தை மட்டும் பெயர்த்தெழுதிக் கொண்டுவந்தார். இரண்டு பள்ளி நோட்டுப் புத்தகங்கள். அவற்றைக் கோட்டைப் பதிவுகளோடு ஆண்டுவாரியாக ஒரே தாளில் எழுதும் வேலையை இப்போது இருவருமாகச் செய்து வருகிறோம்.